ட்ரூடி ஃபெர் ஒரே ஸ்கேட்டைச் சாணை பிடித்த மதியம்

"டிசம்பர்ல ஆரம்பிச்சுப் பின்னாடியே போ," என்றார் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள்.

நான் கூரையைப் பார்த்தேன். "டிசம்பர்... நவம்பர்... ஆகஸ்ட்..."

"அப்புறம்?"

"ஏப்ரலா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "பன்னிரண்டாவதுல தொண்ணூத்தியொண்ணு வாங்கினவன்தானே நீ? உங்க ஸ்கூல் அனுப்பின தாள் இதோ இருக்கு."

"ஆமாங்க."

"நான் வேலை பாக்கற மாட்டாஸ்பத்திரியில ஒரு கிழட்டுப் பூனை இருக்கு. அதுக்குக் கூட நவம்பருக்கு முன்னாடி அக்டோபர்னு தெரியும். யாருடா சொல்லிக் கொடுத்தது உனக்கு?"

"யாரும் சொல்லலைங்க."

"சரி. வெளியில போய் மூஞ்சியக் கழுவிக்கிட்டு, தொண்ணூத்தியொண்ணு வாங்கினவனா திரும்பி வா."

ட்ரூடி ஃபெரை நான் சந்தித்தது இப்படித்தான். பதினெட்டு வயது எனக்கு. எண்பது பேர் குடியிருக்கும் ஊரிலிருந்து, அப்பாவின் டிரக்கில் நான்கு மணி நேரம் உட்கார்ந்து, ஹேசல்புரூக் பேட்ஜர்ஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணிக்கு இரண்டாவது கோல்கீப்பராக வந்திருந்தேன். ப்ரோகோப்சுக் என்ற என் குடும்பப் பெயரை வந்த பத்தாவது நிமிடத்தில் ப்ரோக்கி என்று நறுக்கிவிட்டார்கள்.

மாதங்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னது மண்டைச் சோதனை. சீசன் தொடங்குமுன், தலை நன்றாக இருக்கும்போதே எங்கள் ஞாபக சக்திக்கு ஒரு மதிப்பெண் போட்டு வைத்துக்கொள்வார்கள். பிறகு ஆட்டத்தில் தலையில் அடிபட்டால் அதே சோதனையை மறுபடி வைப்பார்கள். மதிப்பெண் இறங்கியிருந்தால் பனித்தரையில் கால் வைக்க முடியாது. அதனால் பையன்கள் ஆகஸ்டிலேயே முட்டாள் ஆகிவிடுவார்கள். முதலில் குறைவாக வாங்கிவிட்டால் பிறகு இறங்குவதற்கு ஒன்றும் இருக்காது அல்லவா? இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் கேப்டன் ரீஸ் டுஷார்ம். இருபது வயது, அணியில் மூன்றாம் வருடம். வெளியூர்ப் பையன்களுக்குத் தங்க இடம் கொடுக்கும் வீடுகளில் ஒன்றில், நிலத்தடி அறையில், அவனும் நானும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்.

"ரெண்டாவது தாள் ஒண்ணு தருவாங்க," என்று அவன் முன்தினமே சொல்லியிருந்தான். "தூக்கம் வருதா, வீட்டு ஞாபகம் வருதா, வாழ்க்கை வெறுத்துப்போச்சான்னு கேக்கும். எல்லாத்துக்கும் பூஜ்ஜியம். யோசிக்காத. எழுத்துக் கூட்டிப் படிக்கக் கூட வேண்டாம்."

அன்று இருபத்து மூன்று பேர் அந்தத் தாளை நிரப்பினோம். மாலையில் ட்ரூடி உடை மாற்றும் அறைக்கு வந்து நடுவில் நின்றார். குட்டையான, அகன்ற உடம்பு. மாட்டுக்குப் பிரசவம் பார்த்துப் பார்த்து வலது முன்கை இடது கையைவிடத் தடித்திருந்தது. வாரத்தில் நான்கு நாள் கால்நடை மருத்துவரிடம் உதவியாளர். மற்ற நேரமெல்லாம் சம்பளமில்லாமல் எங்கள் பாதுகாப்புப் பொறுப்பாளர். பனியில் சறுக்க நாங்கள் மாட்டும் ஸ்கேட்டுகளின் எஃகுப் பட்டைக்குச் சாணை பிடிப்பதும் அவர்தான்.

"இருபத்து மூணு பேரும் நல்லாத் தூங்கறீங்க," என்றார். "ஒருத்தனுக்கும் வீட்டு ஞாபகம் இல்லை. சந்தோஷம். இருபத்து மூணு மாடு வச்சிருக்கற பட்டியில கூட ஒண்ணாவது தீனி எடுக்காம நிக்கும் பயலுகளா."

"நாங்க மாடு இல்லையே ட்ரூடி," என்றான் ஒருவன்.

"தெரியும். மாடு பொய் சொல்லாது."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை நின்றுவிட்டு, அவர் தம் ஏற்பாட்டைச் சொன்னார். சாணை அறைக்குப் பாதிக் கதவு. கீழ்ப்பாதி சாத்தியிருக்கும், மேல்பாதி எப்போதும் திறந்திருக்கும். யாருக்கு என்ன பேச வேண்டுமானாலும் அந்தக் கதவுக்கு வந்து, "லேஸ் அறுந்துபோச்சு" என்று சொன்னால் போதும். ஸ்கேட் லேஸ் அறுவது தினமும் நடப்பது. எவனும் ஏன் என்று கேட்கமாட்டான்.

"ஆனா ஒண்ணு. நானும் நீயும் மட்டும் தனியா ஒரு ரூம்ல இருக்கறது கிடையாது. அது சட்டம். எனக்கும் சேத்துத்தான் சட்டம். இன்னொரு பெரிய ஆள் பாத்துக்கிட்டே இருப்பார். அவர் வென்டெல்."

துண்டுகளை மடித்துக்கொண்டிருந்த வென்டெல் கையைத் தூக்கினார். எங்கள் பஸ் டிரைவர், எழுபது தாண்டியவர்.

"அப்ப வென்டெல் எல்லாத்தையும் கேட்டுருவாரே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"என்ன சொல்றான்?" என்றார் வென்டெல்.

ட்ரூடி தம் காதைத் தொட்டுக் காட்டினார். வென்டெல் காதுக்கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டார். ட்ரூடி உள்ளே போய்ச் சாணை எந்திரத்தை ஓட்டினார். அந்த இரைச்சலில் எனக்குப் பக்கத்தில் இருந்தவன் பேசியதே எனக்குக் கேட்கவில்லை. வருகிறவனை எல்லோரும் பார்க்கலாம். அவன் சொல்வதை ஒருவரும் கேட்க முடியாது. விளையாட்டுச் சங்கத்தின் விதிப்புத்தகத்தில் நாற்பது பக்கம் எழுதி வைத்திருந்ததை இந்த அம்மாள் ஒரு கதவையும் ஒரு மோட்டாரையும் வைத்து முடித்துவிட்டார். பிறகு நான் பல்கலைக்கழகத்தில் இளம் வீரர்களின் பாதுகாப்பைப் பற்றியே படித்தேன். எங்கள் குடும்பத்தில் அந்தப் படியேறிய முதல் ஆள் நான். படிக்கப் படிக்க வியப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை நான்கு பேர் லேஸ் அறுந்துபோனதாகப் போனார்கள். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை தெரியாது. ரீஸ் மட்டும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. "என் லேஸ் நல்ல லேஸ்," என்பான்.

இரண்டாவது கோல்கீப்பரின் வேலை என்னவென்றால், ஆட்டத்தில் பெஞ்சுக் கதவைத் திறந்து மூடுவது. அதனால் சீசன் முழுதும் ட்ரூடிக்கு ஒரு கை தூரத்தில் நின்றேன். பந்துக்குப் பதிலாக நாங்கள் அடிக்கும் ரப்பர் வட்டை அவர் பார்த்ததே கிடையாது. கோல் விழுந்தால் பக்கத்தில் இருப்பவனிடம், "யார் அடிச்சது, நாமளா?" என்று கேட்பார். பையன்களின் கழுத்தையும் முழங்காலையும்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

மார்ச்சில் காலிறுதித் தொடர். ஏழு ஆட்டங்களில் நான்கு ஜெயிக்க வேண்டும். ஐந்தாவது ஆட்டத்தில் ரீஸைப் பனித்தரையைச் சுற்றியுள்ள பலகைச் சுவரோடு வைத்து நசுக்கினார்கள். எழுந்துவிட்டான். மறுநாள் மண்டைச் சோதனை. ஆகஸ்டில் வாங்கியதைவிட இரண்டு மதிப்பெண் கூடுதல்! டாக்டர் ஊருக்குப் புதிது. தாளைத் தாளோடு ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட்டார். அறையில் ஒரே கேலி.

"ரீஸ், இன்னொரு இடி வாங்கிக்கோ. டிகிரியே கொடுத்துருவாங்க."

ட்ரூடி சிரிக்கவில்லை. மற்றவர்களையெல்லாம் ஆகஸ்டில் மூஞ்சி கழுவச் சொல்லித் திருப்பி உட்கார வைத்தவர், ரீஸை மட்டும் விட்டிருந்தார். அவன் பத்தாவதோடு பள்ளியை நிறுத்தியவன். படிப்பு வரவில்லை என்று நினைத்து, பிள்ளைகள் எதிரில் அவனைக் கூச வைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டார். அந்த இரக்கத்துக்குள்தான் ரீஸ் ஒளிந்துகொண்டான்.

எனக்கு ட்ரூடியைவிட அதிகம் தெரியும். அந்த வாரம் நிலத்தடி அறையின் ஜன்னலில் ரீஸ் போர்வையைத் தொங்கவிட்டிருந்தான். பகலெல்லாம் இருட்டில் படுத்திருந்தான். சாப்பிட்டது வயிற்றில் தங்கவில்லை. ஒருநாள் காலையில் சுவரைப் பார்த்தபடியே, "எந்திரிக்காமலே போயிட்டா எவ்வளவு நிம்மதி, ப்ரோக்கி," என்றான். பிறகு திரும்பி, "வாயத் திறந்தேன்னு வை, நீ இந்த டீம்ல இருக்கமாட்ட," என்றான். அவனுக்கு அது கடைசி வருடம். இருபத்தொன்று ஆனால் இந்த லீகில் இடமில்லை. ஏழாவது ஆட்டத்துக்கு ஒரு தொழில்முறை அணியின் ஆள் வந்து பார்ப்பதாக இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

ஏழாவது ஆட்டம் எங்கள் ஊரில். ஆயிரத்துச் சொச்சம் பேர். மூன்று பகுதிகளில் இரண்டு முடிந்து, இரண்டுக்கு இரண்டு கோல். ஒவ்வொரு பகுதிக்கும் அணிகள் பக்கம் மாறும். கேப்டனுக்கு ஒரு வழக்கம் உண்டு: பகுதி தொடங்குமுன் தன் கோல்கீப்பரிடம் போய் அவன் கால்காப்பில் மட்டையால் இரண்டு தட்டுத் தட்டுவான். ரீஸ் அதை ஒருநாளும் விட்டதில்லை.

மூன்றாம் பகுதிக்கு இறங்கினார்கள். ரீஸ் நேராக எதிர் அணியின் கோல்கீப்பரிடம் போனான். அவன் கால்காப்பில் இரண்டு தட்டுத் தட்டினான்.

அரங்கமே சிரித்தது. எதிர் அணிக்காரன் கேலி என்று நினைத்து அவனைத் திருப்பித் தட்டினான். எங்கள் பெஞ்சில் விசில் பறந்தது. ரீஸ் சுற்றிலும் பார்த்தான். எல்லோரும் சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரித்தான். அந்தச் சிரிப்பு ஒரு நொடி தாமதமாக வந்தது.

நடுவர் வட்டைப் போட்டுவிட்டார். ஆட்டம் ஓடத் தொடங்கியது. ஒருவன் ஒருமுறை இறங்கினால் நாற்பது வினாடியில் பெஞ்சுக்குத் திரும்புவான்.

ட்ரூடி என் பக்கம் திரும்பினார். "ப்ரோக்கி. வீட்ல எப்படி இருக்கான்?"

நான் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தேன்.

"என்னப் பாரு. வீட்ல எப்படி இருக்கான்?"

"சாப்பாடு தங்கல," என்றேன். "ரெண்டு நாளா. வெளிச்சம் ஆகல. எந்திரிக்காமலே போயிட்டா நல்லதுன்னு சொன்னான்."

ஏன் முன்பே சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. இன்றுவரை கேட்டதில்லை.

ரீஸ் மூச்சிரைக்க வந்தான். கதவைத் திறந்தேன். "ஹெல்மெட்டக் கொடு, கண்ணாடியெல்லாம் தண்ணி. தொடைச்சுத் தரேன்," என்றார் ட்ரூடி. அதுவும் தினமும் நடப்பதுதான். கழற்றிக் கொடுத்தான். அவர் அதைப் பயிற்சி வட்டுகள் போட்டு வைக்கும் வாளிக்குள் போட்டு, மூடியை அழுத்தி மூடி, அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

ரீஸுக்குப் புரியச் சில வினாடிகள் ஆயின. "ட்ரூடி, கொடுங்க."

"மாட்டேன் கண்ணு."

"நான் அடுத்து போகணும். கொடுங்க!"

கோச் லுட்விக் திரும்பினார். "என்ன நடக்குது அங்க?"

"இவன் இனிமே போகமாட்டான்."

"டாக்டர் தாள் கொடுத்திருக்கார் ட்ரூடி. பாஸ் ஆயிட்டான்."

"அந்தத் தாள் பொய். ஆகஸ்ட்ல இவன் சொன்ன பொய்ய நான் எழுதி வச்சேன். தப்பு என்னுது. அதனாலதான் நான் உக்காந்திருக்கேன்."

"இது ஏழாவது ஆட்டம்!"

"எட்டாவதா இருந்தாலும் எந்திரிக்கமாட்டேன்."

"எந்திரிக்கலைன்னா நாளையிலிருந்து நீங்க இந்த பெஞ்சுல இல்லை."

"நாளைக்குத்தானே? இன்னைக்கு இருக்கேனே."

பெஞ்சுக்குப் பின்னால் தடுப்புக் கண்ணாடிக்கு அந்தப்புறம் ஜனங்கள் கண்ணாடியைக் குத்தினார்கள். "டுஷார்ம எறக்கு!" என்று கத்தியவர்களில் அவருடைய மாட்டாஸ்பத்திரிக்கு மாடு கொண்டுவருகிறவர்கள் பாதிப்பேர். சொந்த மச்சானும் இருந்தான். ரீஸ் அழுதுகொண்டே வாளியை உதைத்தான். கையுறையைக் கழற்றி அவர் காலடியில் எறிந்தான். "என் கடைசி ஆட்டம்! திருடிட்டீங்க! நீங்க திருடி!" என்றான். அவர் இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, கர்ப்பப் பசுவுக்குக் காவல் இருக்கிறவர் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தார். பதினெட்டு நிமிடம். நான் கோதுமை வயலின்மேல் ஆலங்கட்டி மழை வருவதைப் பார்த்திருக்கிறேன். வடதுருவ ஒளி வானம் முழுக்க ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு பிளாஸ்டிக் வாளிமேல் ஒரு மனுஷி உட்கார்ந்திருந்ததைப் போல எதுவும் என்னை நடுங்க வைத்ததில்லை.

முடிய நாற்பது வினாடி இருக்கும்போது எதிர் அணி கோல் போட்டது. தோற்றோம்.

மறுநாள் மதியம் எல்லோரும் அலமாரியைக் காலி செய்ய வந்தோம். ட்ரூடியின் காரில் படிந்திருந்த சாலைப் பனி உருகத் தூவும் உப்பின் தூசியில் யாரோ விரலால் ஒரு கெட்ட வார்த்தை எழுதியிருந்தார்கள். அவர் அதைத் துடைக்காமலே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். கோச் அவரிடம் பேசவில்லை. அவரும் வழக்கம்போலப் பாதிக் கதவுக்குப் பின்னால், வருட முடிவுச் சாணைக்கு வந்த ஸ்கேட்டுகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்.

ரீஸ் வந்தான். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். அலமாரிப் பக்கம் போகாமல் நேராகப் பாதிக் கதவுக்குப் போனான். திட்டப் போகிறான் என்றுதான் நினைத்தோம்.

"லேஸ் அறுந்துபோச்சு," என்றான்.

காலில் ஸ்கேட்டே இல்லை. லேஸே இல்லாத ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தான்.

ஒருவரும் சிரிக்கவில்லை. ட்ரூடி கதவின் கீழ்ப்பாதியைத் திறந்து அவனை உள்ளே விட்டார். வென்டெல் நாற்காலியைக் கதவோரம் இழுத்துப் போட்டு, காதுக்கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். ட்ரூடி கைக்கு எட்டிய முதல் ஸ்கேட்டை எடுத்து எந்திரத்தை ஓட்டினார்.

நாங்கள் நடைவழியில் பைகளோடு நின்றோம். தீப்பொறி பறந்தது. ரீஸின் வாய் அசைந்தது. முதலில் கொஞ்சமாக, பிறகு நிற்காமல். ட்ரூடி தலையை நிமிர்த்தவில்லை. ஸ்கேட்டை ஒருமுறை இழுத்தார், மறுமுறை இழுத்தார், மறுபடி முதலிலிருந்து. சாணைக்கு நான்கு இழுப்பு போதும். இருபது ஆனது, நாற்பது ஆனது. நிறுத்தினால் நிசப்தம் வந்துவிடும், நிசப்தம் வந்தால் அவன் நிறுத்திவிடுவான்.

"அது யாரோட ஸ்கேட்?" என்று கிசுகிசுத்தான் ஒருவன்.

"என்னுது," என்றேன்.

"அப்ப போச்சு."

"போகட்டும்."

ஒரு மணி நேரத்துக்கு மேல். ஒருகட்டத்தில் ரீஸ் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, நெற்றியைச் சுவரில் சாய்த்துக்கொண்டான். அப்போதும் எந்திரம் ஓடியது. வென்டெல் தம் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் கேட்காதவர் கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

எந்திரம் நின்றபோது காது அடைத்தது. வென்டெல் கருவியை மாட்டினார்; அது கீச்சென்று கத்தியது. "முடிஞ்சுதா?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டார்.

"இல்லை, இப்பத்தான் ஆரம்பம்," என்றார் ட்ரூடி. "வண்டிய எடுங்க."

ரீஸின் கையில் போனைக் கொடுத்து அவன் அம்மாவைக் கூப்பிட வைத்தார். அடுத்து நகரத்து மருத்துவமனையை அவரே கூப்பிட்டு, மாட்டைப் பற்றிப் பேசுகிற அதே குரலில், அவன் சொன்னதை அவன் எதிரிலேயே அவன் சம்மதத்தோடு சொன்னார்: தலையில் அடி, சாப்பாடு இல்லை, சாகத் தோன்றுகிறது, இன்றே பார்க்க வேண்டும். மூன்று பேரும் வென்டெலின் டிரக்கில் முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்து, வெளிச்சம் இருக்கும்போதே நூற்று நாற்பது கிலோமீட்டர் போனார்கள்.

புறப்படுமுன் என் ஸ்கேட்டை என்னிடம் நீட்டினார். "உன்னுதான்னு பாக்காம எடுத்துட்டேன். அழிச்சிட்டேன் ப்ரோக்கி."

வாங்கிப் பார்த்தேன். இரண்டு சீசனுக்கு வர வேண்டிய எஃகுப் பட்டை, கத்தியின் முதுகளவுகூட மிஞ்சவில்லை. நடுவில் ஒளி தெரியாத குறைதான். ரீஸ் என்ன பேசினான் என்று எனக்குத் தெரியாது. எவ்வளவு பேசினான் என்பது என் கையில் இருந்தது. அதை யாரும் கேட்காமல் மூன்று வருடம் உள்ளேயே வைத்திருந்தானே என்று நினைத்தபோது பைமேல் உட்கார்ந்துகொண்டேன்.

ட்ரூடியை நீக்குவதற்காக அணி நிர்வாகம் கூட்டிய கூட்டத்தில் வென்டெல் எழுந்து, அவர் இல்லையென்றால் பஸ்ஸை வேறு யாராவது ஓட்டிக்கொள்ளுங்கள் என்றார். பிறகு பையன்களில் பதினாறு பேர் எழுந்தோம். கோச் லுட்விக் நீண்ட நேரம் தம் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அந்த வாளிய வேற எடத்துல வைக்கணும், அவ்வளவுதான்," என்றார்.

அடுத்த ஆகஸ்டில் நான் மறுபடி போனேன். மாதங்களை ஒழுங்காகத் தலைகீழாகச் சொன்னேன். இரண்டாவது தாளை நிரப்புமுன் புதிய கேப்டன் யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. மாலையில் ட்ரூடி வந்து நின்றார். "இருபத்து நாலு தாள். ஏழு தாள்ல பூஜ்ஜியம் இல்லை," என்றார். ஒருமுறை இருமினார். "இந்தத் தாள் யாரு கண்ணுலயும் படாது, என்னையும் டாக்டரையும் தவிர. ஒரு தாள்ல மட்டும் தூக்கம் வரலைன்னு போட்டு, கீழ ரூம்மேட் குறட்டைன்னு எழுதியிருக்கு. அந்த ரூம்மேட் யாரோ, கொஞ்சம் ஒருக்களிச்சுப் படுங்கப்பா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் பட்டம் வாங்கிய அன்று குடும்பத்துக்கென்று மூன்று இருக்கைகள் கொடுத்தார்கள். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, மூன்றாவது ட்ரூடிக்கு. மாட்டாஸ்பத்திரி பூட்ஸோடு வந்திருந்தார்.

ரீஸ் டுஷார்ம் மருத்துவமனையில் ஐந்து வாரம் இருந்தான். மட்டையை மறுபடி தொடவில்லை. இப்போது வடக்கே லா ரோஞ்சில் காட்டுத்தீ அணைக்கும் படையின் ரேடியோ மேசையில் வேலை செய்கிறான். பனி வெளிச்சம் அதிகமானால் இன்னும் தலை வலிக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ட்ரூடிக்குப் போன் செய்கிறான். ட்ரூடி ஃபெருக்கு இப்போது அறுபத்தொன்று. ஹேசல்புரூக்கில் அதே பெஞ்சில் இருக்கிறார். என் ஸ்கேட்டின் மிச்ச எஃகு அவருடைய சாணை எந்திரத்துக்கு மேலே ஓர் ஆணியில் தொங்குகிறது. வென்டெல் புதுக் காதுக்கருவி வாங்கியிருக்கிறார். யாராவது பாதிக் கதவுக்கு வந்தால் அதையும் கழற்றிவிடுகிறார்.